பாட்டு கைக்கு வந்தது, டேப் வரவில்லை: கிரீடன்ஸ் பேண்டின் அரை நூற்றாண்டுச் சிக்கல்

2023 ஜனவரியில் ஒரு செய்தி வந்தது. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற அமெரிக்க ராக் பேண்டின் பாடகரும் பாடலாசிரியருமான ஜான் ஃபோகர்ட்டிக்கு, ஐம்பது வருஷத்துக்கு மேல் போராடிய பிறகு, தன் பாடல்களின் உரிமை கிடைத்துவிட்டது என்று. 2025 ஆகஸ்டில் இன்னொரு செய்தி. அதே ஃபோகர்ட்டி, எண்பது வயதில், அதே பழைய பாடல்களில் இருபதை மறுபடி பாடி, கிடார் வாசித்து, 'லெகசி' என்ற பெயரில் ஆல்பமாக வெளியிட்டிருக்கிறார்.

இரண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் குழம்பியதில் தப்பே இல்லை. பாட்டுதான் கைக்கு வந்துவிட்டதே, அப்புறம் எதற்கு மறுபடி பாட வேண்டும்? இன்னும் பின்னால் போனால் குழப்பம் கூடத்தான் செய்யும்: இதே ஆள் மேல் ஒருமுறை, தான் எழுதிய பாட்டைத் தானே திருடிவிட்டார் என்று வழக்கு நடந்திருக்கிறது, அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. "பாடல் உரிமை" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிற விஷயம் உண்மையில் பல சொத்துகளின் மூட்டை என்பதைப் புரிந்துகொண்டால் இந்தக் கதையின் ஒவ்வொரு முடிச்சும் தன்னால் அவிழும்.

## யார் இவர்கள்

கலிஃபோர்னியாவில் எல் செரிட்டோ என்ற சின்ன ஊர். 1959-ல் அங்கே ஒரே பள்ளியில் படித்த மூன்று பையன்கள், ஜான் ஃபோகர்ட்டி, ஸ்டூ குக், டக் கிளிஃபர்ட், சேர்ந்து வாசிக்க ஆரம்பித்தார்கள். ஜானின் அண்ணன் டாம் ஃபோகர்ட்டி பிறகு சேர்ந்தார். அப்போது பாடகர் டாம்தான். 1964-ல் ஃபேன்டஸி ரெக்கார்ட்ஸ் என்ற லேபிளில் கையெழுத்துப் போட்டார்கள். ஃபேன்டஸி அதுவரை ஜாஸ் ஆல்பங்களுக்குப் பெயர் போன ஒரு சிறிய கம்பெனி. லேபிள்காரர்கள் இவர்களுக்கு 'காலிவாக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள், பையன்களுக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை.

1967-ல் இரண்டு மாற்றங்கள். ஃபேன்டஸியில் விற்பனைப் பிரிவில் இருந்த சால் ஜேன்ட்ஸ் என்பவர் சில முதலீட்டாளர்களோடு சேர்ந்து கம்பெனியையே வாங்கினார். வருஷக் கடைசியில் பேண்ட் தன் பெயரை மாற்றிக்கொண்டது. அதற்குள் பாட்டு, லீட் கிடார், பாடல் எழுதுவது, பதிவை வழிநடத்துவது எல்லாம் தம்பி ஜானின் கைக்கு வந்துவிட்டது.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் மூச்சு முட்டுகிறது. 1969 என்ற ஒரே வருஷத்தில் மூன்று ஆல்பங்கள். 'ப்ரவுட் மேரி', 'பேட் மூன் ரைசிங்', 'க்ரீன் ரிவர்', 'ஃபார்ச்சுனேட் சன்' எல்லாம் அந்த வருஷத்துப் பாடல்கள். பேண்ட் இருந்த காலம் முழுவதிலும் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் பட்டியலில் ஐந்து சிங்கிள்கள் (தனிப்பாட்டாக வெளியிட்ட தட்டுகள்) இரண்டாம் இடம் வரை போயின, ஒன்றுகூட முதலிடத்தைத் தொடவில்லை. நாலு நிமிஷத்துக்குள் முடிகிற, சுற்றி வளைக்காத பாட்டுகள். லூசியானா சதுப்பு நிலத்தின் ஈரமும் இருட்டும் கிடாரில் கேட்கும், ஆனால் எழுதியவர் அங்கே வளர்ந்தவரே இல்லை, சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரைப் பையன். அந்தச் சதுப்பு நிலச் சத்தம் இவர் காதால் கேட்டுக் கட்டிய கற்பனை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நீதிமன்றத்தில் வேலைக்கு வரும்.

## ஒரு பாட்டுக்குள் நான்கு சொத்து

ஒரு ராக் பேண்டின் பாட்டு ரேடியோவில் ஓடும்போது அதற்குள் குறைந்தது நான்கு தனித்தனி உடைமைகள் இருக்கின்றன. நான்கும் நான்கு பேரிடம் இருக்கலாம்.

1. பாடல். அதாவது மெட்டும் வரிகளும். யாரும் பாடாவிட்டாலும் தாளில் இருக்கிற சமாச்சாரம். இதை நிர்வகித்துக் காசு வசூலிக்கும் உரிமைக்கு 'பப்ளிஷிங்' என்று பெயர். எழுதியவருக்கு ஒரு பங்கும் பப்ளிஷருக்கு ஒரு பங்கும் போகும். இன்னொருவர் அந்தப் பாட்டைப் பாடினாலும், மேடையில் வாசித்தாலும், படத்தில் வைத்தாலும் இந்தக் கணக்கில் பணம் வரும்.

2. பதிவு. குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஸ்டூடியோவில் டேப்பில் பிடித்த அந்த ஒலி. இதைத்தான் 'மாஸ்டர்' என்கிறார்கள். 'ப்ரவுட் மேரி' என்ற பாடல் ஒன்றுதான், ஆனால் கிரீடன்ஸ் பதித்தது ஒரு மாஸ்டர், பின்னால் பாடகர்கள் ஐக்கும் டீனா டர்னரும் பதித்தது முற்றிலும் வேறு மாஸ்டர்.

3. கலைஞர் ராயல்டி. கறாராகச் சொன்னால் இது சொத்து கிடையாது, ஒப்பந்தத்தால் வரும் பங்கு. மாஸ்டர் லேபிளிடம் இருக்கும், அது விற்பதில் பாடிய, வாசித்த ஆட்களுக்கு இத்தனை சதவீதம் என்று பேசியிருப்பார்கள்.

4. பெயர். பேண்டின் பெயரைப் போட்டு டிக்கெட் விற்கும் உரிமை. இது காப்பிரைட்டில் வராது, டிரேட்மார்க்கில் வரும்.

கிரீடன்ஸ் போட்ட ஒப்பந்தத்தின்படி முதல் இரண்டும் லேபிள் பக்கம். மாஸ்டர் ஃபேன்டஸியுடையது, ஜான் எழுதிய பாடல்களின் பப்ளிஷிங்கும் ஃபேன்டஸி பக்கத்துக் கம்பெனியுடையது. ஜானுக்கு எழுதியவர் பங்கு உண்டு, கலைஞர் ராயல்டி உண்டு. பாட்டை என்ன செய்யலாம் என்று சொல்லும் அதிகாரம் மட்டும் கிடையாது. அதோடு, வருஷத்துக்கு இத்தனை பாடல் தர வேண்டும், குறைந்தால் பாக்கி அடுத்த வருஷத்துக்குப் போகும் என்ற கணக்கும் இருந்தது. உள்ளூர் மன்றங்களில் வாசித்துக்கொண்டிருந்த, அடையாளம் தெரியாத நாலு பையன்கள் போடுகிற ஒப்பந்தம் அந்தக் காலத்தில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். உலகமே பாடுகிற பேண்டாக வளர்ந்த பிறகும் அதே தாள்தான் செல்லும் என்பதில்தான் வலி. பாட்டு ஓடினால் ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று ஜேன்ட்ஸ் வாய்வார்த்தையாகச் சொன்னார் என்று ஜான் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வாய்வார்த்தை தாளில் ஏறவில்லை.

## உள்ளேயும் சரியில்லை

எல்லாப் பழியையும் லேபிள் மேல் போட்டுவிட்டால் கதை எளிதாகிவிடும், ஆனால் உண்மையாக இருக்காது. கிரீடன்ஸில் பாட்டு எழுதியதும் ஜான்தான், பதிவை நடத்தியதும் ஜான்தான், மேனேஜர் வேலை பார்த்து லேபிளோடு பேரம் பேசியதும் ஜான்தான். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதில். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் என்ற பெரிய இசை விழாவில் நள்ளிரவு தாண்டி வாசித்தார்கள், நிகழ்ச்சி தனக்குத் திருப்தியாக இல்லை என்று விழாவைப் பற்றிய படத்திலும் இசைத்தட்டிலும் வர ஜான் சம்மதிக்கவில்லை. அந்த வருஷம் உச்சத்தில் இருந்த பேண்டின் பெயர் உட்ஸ்டாக் என்றதும் பலருக்கு நினைவுக்கு வராமல் போனதற்கு இது ஒரு காரணம். மற்ற மூவருக்கும் இதில் வருத்தம் இருந்தது என்றால் அதைத் தப்பென்று சொல்ல முடியாது.

1971 தொடக்கத்தில் டாம் விலகினார். மிச்ச இருவரும் எங்களுக்கும் எழுத, பாட இடம் வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள்தான். 1972-ல் வந்த 'மார்டி க்ரா' ஆல்பத்தில் மூவரும் பங்கு போட்டு எழுதினார்கள், ஆளுக்கு ஆள் அவரவர் பாட்டைப் பாடினார்கள். விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அந்த வருஷம் அக்டோபரில் பேண்ட் முடிந்தது. முதல் ஆல்பத்திலிருந்து கடைசி ஆல்பம் வரை நாலே வருஷம்.

பணத்திலும் அடி விழுந்தது. வரியை மிச்சப்படுத்தலாம் என்ற ஆலோசனையில் பேண்டின் சம்பாத்தியம் பஹாமாஸில் ஒரு வங்கியில் போடப்பட்டிருந்தது, எழுபதுகளின் பிற்பகுதியில் அந்த வங்கி கவிழ்ந்தது. அதற்கொரு தனி வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது.

## பாடாமல் இருந்த காலம்

பேண்ட் கலைந்தாலும் ஜான் ஃபேன்டஸிக்குப் பாடல் பாக்கி வைத்திருந்தார். டேவிட் கெஃபனின் அசைலம் லேபிள் 10 லட்சம் டாலர் கொடுத்து அவரை அமெரிக்கா அளவில் விடுவித்தது. மிச்சக் கட்டிலிருந்தும் வெளியே வர ஜான் தன் கையில் இருந்த ஒன்றை விட்டுக்கொடுத்தார்: கிரீடன்ஸ் பதிவுகளுக்கான கலைஞர் ராயல்டி. மேலே சொன்ன மூன்றாவது எண். ஆக, தன் குரல் ரெக்கார்டில் விற்கிறது, அதில் தனக்கு ஒரு காசு இல்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். சரி, ரெக்கார்டு போனால் போகட்டும், மேடையில் பாடிச் சம்பாதிக்கலாமே? பாடலாம்தான். ஆனால் முதல் எண்ணைத் திரும்பப் பாருங்கள். மேடையில் 'ப்ரவுட் மேரி' பாடினால் பப்ளிஷருக்குப் பங்கு போகும், பப்ளிஷர் ஃபேன்டஸி பக்கம். தன் பாட்டைத் தான் பாடும் ஒவ்வொரு முறையும் ஜேன்ட்ஸுக்குப் பணம் சேரும் என்பதை ஜானால் ஜீரணிக்க முடியவில்லை. வருஷக்கணக்கில் கிரீடன்ஸ் பாட்டையே பாடாமல் இருந்தார். வெறும் வீம்பு என்று எழுதியவர்கள் உண்டு, வீம்பும் இருந்திருக்கும், ஆனால் அதன் அடியில் இந்தக் கணக்கு இருந்தது.

1987-ல் அது உடைந்தது. அந்த வருஷம் ஹாலிவுட் பக்கம் ஒரு கிளப் மேடையில் பாப் டிலனும் ஜார்ஜ் ஹாரிசனும் கூட இருந்தபோது, நீ பாடாவிட்டால் 'ப்ரவுட் மேரி' டீனா டர்னர் பாட்டு என்றே ஊர் நினைத்துக்கொள்ளும் என்கிற மாதிரி டிலன் சொன்னதாக ஜான் நினைவுகூர்ந்திருக்கிறார். பாடினார். ஜூலை 4 அன்று வாஷிங்டன் அருகே வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்களுக்காக நடந்த கச்சேரியில் பழைய பாட்டுகளை வரிசையாகப் பாடினார்.

## தன்னையே காப்பி அடித்ததாக வழக்கு

1985-ல் 'சென்டர்ஃபீல்ட்' என்ற தனி ஆல்பத்தோடு ஜான் திரும்பி வந்தார். வேறு லேபிள், எல்லா வாத்தியமும் அவரே வாசித்தது, பட்டியலில் முதலிடம். பேண்டாக எட்டாமல் போனது சிங்கிள் பட்டியலின் முதலிடம், இது ஆல்பம் பட்டியல், ஆனாலும் பெரிய வெற்றி. அதில் 'தி ஓல்ட் மேன் டவுன் த ரோடு' என்று ஒரு பாட்டு. 1970-ல் கிரீடன்ஸுக்கு அவர் எழுதிய 'ரன் த்ரூ த ஜங்கிள்' பாட்டைத்தான் வேறு வரிகள் போட்டு விற்கிறார் என்று ஃபேன்டஸி வழக்குப் போட்டது. (அதே ஆல்பத்தில் ஜேன்ட்ஸைச் சாடுவதாகப் பட்ட பாட்டுகளுக்காகத் தனியே ஓர் அவதூறு வழக்கும் வந்தது.)

கேட்டால் அபத்தமாக இருக்கும், சட்டப்படி அபத்தம் இல்லை. படிப்படியாகப் பார்க்கலாம்.

1. பாடலை எழுதியவர் அதன் உரிமையைக் கொடுத்துவிட்டால், அந்தப் பாட்டைப் பொறுத்தவரை அவரும் வெளி ஆள்தான்.

2. காப்பி என்று நிரூபிக்க, எதிராளிக்கு மூலப் பாட்டு தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு என்றும், இரண்டும் சாராம்சத்தில் ஒத்துப்போகின்றன என்றும் காட்ட வேண்டும்.

3. மற்ற வழக்குகளில் முதல் பாதியே பெரிய சண்டை. இங்கே அதற்கு இடமே இல்லை. மூலப் பாட்டை எழுதியவரே அவர்தான்.

4. மிஞ்சுவது ஒற்றுமை மட்டும். ஒற்றுமை இருக்கத்தான் செய்தது: அதே இருண்ட கிடார், அதே இழுவை, அதே குரல்.

ஆகவே வழக்கின் உயிர், பாணிக்கும் பாட்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்பதில் இருந்தது. பாணிக்குக் காப்பிரைட் கிடையாது, குறிப்பிட்ட மெட்டுக்கு உண்டு. 1988-ல் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் ஜான் சாட்சிக் கூண்டில் கிடாரோடு உட்கார்ந்தார். இரண்டு பாட்டையும் வாசித்துக் காட்டினார், ஒரு பாட்டு தன் கையில் எப்படி உருவாகிறது என்று துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டினார். பையன் வயதில் காதால் கேட்டுக் கட்டிக்கொண்ட அந்தச் சதுப்பு நிலச் சத்தம் எந்த ஒரு பாட்டுக்கும் சொந்தமில்லை, அது தன் விரல்களில் இருப்பது என்பதுதான் அவர் சொல்ல வந்தது. வாயால் சொல்லியிருந்தால் ஜூரிக்கு எட்டியிருக்குமா தெரியாது, வாசித்தபோது எட்டியது. தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது.

எனக்கு இந்த வழக்கிலேயே முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். ஜூரி மறுபக்கம் சாய்ந்திருந்தால், உரிமையை விற்ற எந்தப் பாடலாசிரியரும் அதன்பின் தன்னைப்போலவே ஒலிக்கப் பயப்பட வேண்டியிருந்திருக்கும்.

## ஜெயித்தவர் செலவை யார் தருவது

ஜெயித்தாயிற்று, ஆனால் வக்கீல் பீஸ் பத்து லட்சம் டாலருக்கு மேல். அமெரிக்கக் காப்பிரைட் சட்டம், வென்றவரின் வக்கீல் செலவைத் தோற்றவர் தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது. அந்த "லாம்" எப்படிப் பயன்பட வேண்டும் என்பதில்தான் பிரச்சினை. ஜானின் வழக்கு நடந்த பகுதியின் நீதிமன்றங்கள் இரட்டை அளவுகோல் வைத்திருந்தன. வழக்குப் போட்டவர் வென்றால் செலவு பெரும்பாலும் கிடைக்கும். வழக்கை எதிர்கொண்டவர் வென்றால், எதிராளி போட்டது அடிப்படையே இல்லாத வழக்கு அல்லது கெட்ட எண்ணத்தில் போட்டது என்று கூடுதலாக நிரூபிக்க வேண்டும். ஃபேன்டஸியின் வழக்கு அப்படி இல்லை என்று சொல்லி ஜானுக்குச் செலவை மறுத்தார்கள்.

1994 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தள்ளியது. தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதிய தீர்ப்பு, ஒன்பது பேரும் ஒரே முடிவு: இரு தரப்புக்கும் ஒரே அளவுகோல். காப்பிரைட் சட்டம் உரிமைக்காரரை மட்டும் காப்பதற்கு இல்லை, எதுவரை மற்றவர்கள் சுதந்திரமாகப் படைக்கலாம் என்று கோட்டைத் தெளிவாக்குவதும் அதன் வேலை, அந்தக் கோட்டுக்காக நின்று வாதாடி ஜெயிக்கிறவரும் சட்டத்துக்கு நல்லதுதான் செய்கிறார் என்பது அதன் சாரம். கடைசியில் ஜானுக்கு 13 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. ஃபோகர்ட்டி எதிர் ஃபேன்டஸி என்ற பெயர் இன்றும் அமெரிக்கக் காப்பிரைட் வழக்குகளில் அடிக்கடி மேற்கோளாக வருகிறது, வாதாடுபவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கிடார் சத்தம் தெரியும் என்பது வேறு விஷயம்.

## பெயரும் போனது

நான்காவது சொத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டாம் 1990-ல் இறந்தார், அண்ணன் தம்பி விரிசல் முழுதாக ஆறாமலே. 1993-ல் பேண்டுக்கு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் கிடைத்தபோது ஜான் தன் பழைய கூட்டாளிகளோடு வாசிக்க மறுத்து, ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், ராபி ராபர்ட்சனோடு மேடை ஏறினார். 1995-ல் ஸ்டூவும் டக்கும் 'கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவிசிட்டட்' என்ற பெயரில் வேறு பாடகரோடு ஊர் ஊராக வாசிக்கத் தொடங்கினார்கள். ஜான் வழக்குப் போட்டார், இடைக்காலத் தடை வந்தது, பிறகு போனது, அவர்கள் வருஷக்கணக்கில் அந்தப் பெயரில் வாசித்தார்கள். எழுதியவருக்கு இல்லாத பெயர், வாசித்தவர்களுக்கு இருந்தது.

## அப்படியானால் 2023-ல் கிடைத்தது எது

2004-ல் கான்கார்ட் என்ற கம்பெனி ஃபேன்டஸியை வாங்கியது. வாங்கியதும் முதல் காரியமாக ஜானுக்குக் கலைஞர் ராயல்டியைத் திரும்பக் கொடுத்தது. மூன்றாவது எண் திரும்பிவிட்டது. அவரும் அந்த லேபிளுக்கே திரும்பி வந்து 2007-ல் ஓர் ஆல்பம் செய்தார்.

2023-ல் கிடைத்தது முதல் எண். கிரீடன்ஸ் பாடல்களின் பப்ளிஷிங்கில் பெரும்பான்மைப் பங்கை, உலக அளவில், கான்கார்டிடமிருந்து ஜான் வாங்கினார். அந்த நேரம் தற்செயலும் இல்லை. 1978-க்கு முன் உரிமை பெற்ற பாடல்களை, 56 வருஷம் ஆனதும், முறைப்படி முன்கூட்டியே நோட்டீஸ் கொடுத்து எழுதியவர் திரும்பப் பெறலாம் என்று அமெரிக்கச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 1968 பாடல் என்றால் 2024. அந்தக் கதவு எப்படியும் திறக்கப்போகிறது என்னும்போது கையில் வைத்திருப்பவருக்கும் பேச மனம் வரும். ஆனால் அந்தச் சட்டம் அமெரிக்காவுக்குள் மட்டும்தான் செல்லும், விலை கொடுத்து வாங்கியது உலகத்துக்கே செல்லும்.

இரண்டாவது எண், மாஸ்டர், கான்கார்டிடமே இருக்கிறது. 56 வருஷ வழி அதற்கு உதவாது, ஏனென்றால் அமெரிக்காவில் ஒலிப்பதிவுகளுக்கு மத்தியச் சட்டப் பாதுகாப்பே 1972 பிப்ரவரி 15-க்குப் பிந்தியவற்றுக்குத்தான் முதலில் வந்தது, கிரீடன்ஸின் பெரிய பாடல்கள் எல்லாம் அதற்கு முந்தியவை.

இப்போது 2025 ஆல்பம் புரியும். பாடல் ஒன்றுதான், ஆனால் மறுபடி பாடிப் பதித்தால் அது புது மாஸ்டர். பழைய ஒப்பந்தம் அதைத் தொடாது, இன்றைய நிலையில் பேசிய விதிகள்தான் அதற்கு. டெய்லர் ஸ்விஃப்ட் 2021-லிருந்து தன் பழைய ஆல்பங்களை மறுபடி பதித்ததும் இதே வழிதான், ஜானின் பாடல்களுக்குப் பக்கத்திலும் 'ஜான்ஸ் வெர்ஷன்' என்று போட்டிருக்கிறார்கள். முன்பே ஏன் செய்யவில்லை என்றால், முன்பே பதித்திருந்தாலும் பப்ளிஷிங் பங்கு பழைய இடத்துக்கே போயிருக்கும். 2023 நடந்த பிறகுதான் 2025-க்கு முழு அர்த்தம் வருகிறது. புதிய பதிவில் கிடார் வாசித்திருப்பவர்களில் அவர் மகன்கள் ஷேனும் டைலரும் உண்டு, பழைய ஒலியைக் கோடு பிசகாமல் திரும்பக் கொண்டுவரப் பார்த்திருக்கிறார்கள். குரல் மட்டும் எண்பது வயதுக் குரல், நன்றாகவே இருக்கிறது, ஆனால் இருபத்துநாலு வயதுக் கோபம் அதில் அப்படியே இல்லை.

நடைமுறையில் இதனால் மாறுவது இவ்வளவு: ஒரு படத்தில் போர்க் காட்சிக்கு 'ஃபார்ச்சுனேட் சன்' வேண்டும் என்றால், இயக்குநர் பாடலுக்கு இப்போது ஜான் பக்கத்தைக் கேட்க வேண்டும், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர் சரி என்ற பிறகு எந்தப் பதிவு என்ற கேள்வி வரும். 1969-ல் அந்த நாலு பேர் பதித்த டேப்தான் வேண்டும் என்றால், டாமின் கிடாரும் டக்கின் டிரம்மும் அதில்தான் இருக்கின்றன, அதற்குக் கான்கார்டிடம் போக வேண்டும். 2018-ல் வந்த சட்டத் திருத்தப்படி அந்தக் காலத்துப் பதிவுகளுக்கு அமெரிக்காவில் 2067 பிப்ரவரி 15 வரை பாதுகாப்பு உண்டு. அன்றைக்கு ஜான் இருந்தால் அவருக்கு வயது 121.